என் லேப்டாப்பில் ஓடுகிறதே, அங்கிள்!

நம் சங்க நூலகத்துக்கு ஞாயிறு காலையில் வந்து போகிறவர்களுக்கு அந்தப் பச்சை அட்டை நோட்டைத் தெரியாமல் இருக்காது. எந்தப் புத்தகத்தை யார் எடுத்துப் போனார், எப்போது திருப்பித் தந்தார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. நூலகப் பொறுப்பைப் பல ஆண்டுகளாகச் சுமந்து வருகிறவரை நாம் எல்லோரும் லைப்ரரி மாமா என்றுதான் அழைக்கிறோம். அவர் அந்த நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பீரோவின் மேல் தட்டில் வைப்பார். காரணம் உண்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டி மும்பையே மூழ்கியதே, அந்த வெள்ளத்தில் நம் நூலகத்தின் பழைய பதிவேடுகள் முழுவதும் கூழாகிப் போயின.

வெள்ளத்துக்குப் பிறகு எழுதிய நோட்டுகளே ஒரு அடுக்கு சேர்ந்துவிட்டன. அவற்றில் எதையாவது தேடுவதென்றால் ஒரு முழு ஞாயிறு வேண்டும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களில் மூன்றாவது மட்டும் எங்கே போயிற்று என்று மாமா புலம்பாத நிர்வாகக் குழுக் கூட்டம் கிடையாது.

இந்த நிலையில் 2024 ஜூன் மாதம், எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருக்கும் பெண் ஒரு காரியம் செய்தாள். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயன்ஸ் இரண்டாம் ஆண்டு முடித்தவள். பிறந்து வளர்ந்தது எல்லாம் மும்பை. தமிழ் சரளமாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கல்லூரி ப்ராஜெக்டுக்காக நம் நூலகத்துக்கே ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதினாள். புத்தகத்தின் பெயரை அடித்தால் அது அலமாரியில் இருக்கிறதா, வெளியே போயிருக்கிறதா என்று சொல்லும். எழுதி முடித்த உற்சாகத்தில் நிர்வாகக் குழுவின் வாட்ஸப்பில் முகவரியையும் போட்டுவிட்டாள்: 127.0.0.1:5000.

ஒருவருக்கும் திறக்கவில்லை. செயலாளர் தன் போனைக் குறை சொன்னார், பொருளாளர் நெட் கம்பெனியைக் குறை சொன்னார். மாமா மட்டும் ஒன்றும் சொல்லாமல் நோட்டை எடுத்துக்கொண்டார். அன்று மாலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். "என் லேப்டாப்பில் ஓடுகிறதே, அங்கிள்! மற்றவர்களுக்கு ஏன் ஓடவில்லை?"

ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வியைப் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் பலரும் இன்று இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள் என்பதால், அடுத்த சில வாரங்களில் எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். நான் செய்த தவற்றையும் சேர்த்துத்தான்.

தன் வீட்டுக் கதவைத் தானே தட்டியவர்கள்

127.0.0.1 என்பது கம்ப்யூட்டர் உலகில் 'நானே' என்று பொருள்படும் முகவரி. எந்தக் கம்ப்யூட்டரில் அடித்தாலும் அது அந்தக் கம்ப்யூட்டரையே குறிக்கும். செயலாளர் தன் போனில் அதை அடித்தபோது அவருடைய போனையே அவர் கதவு தட்டியிருக்கிறார். உள்ளே யாரும் இல்லை. 5000 என்பது கதவு எண். இதைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். பாதி பயம் போய்விட்டது.

வெறும் வெப் பக்கம் என்பது அச்சடித்த நோட்டீஸ் மாதிரி. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே தாளைக் கொடுத்தால் போதும். அவள் எழுதியது அப்படிப்பட்டதல்ல. ஒருவர் கேட்டதும் உள்ளே போய்ப் பதிவேட்டைப் புரட்டி, அந்த நேரத்துக்கு உரிய பதிலை எழுதிக் கொண்டுவந்து தர வேண்டும். அதாவது உள்ளே எந்நேரமும் ஒரு லைப்ரரி மாமா உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் உட்காரும் இடத்துக்குத்தான் சர்வர் என்று பெயர்.

உலகின் முதல் வெப் சர்வர், ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீயின் மேசையில் இருந்த ஒரு நெக்ஸ்ட் கம்ப்யூட்டர். 1990 கடைசியில் அது ஓடத் தொடங்கியது. 'இது ஒரு சர்வர், அணைத்துவிடாதீர்கள்' என்று கையால் எழுதி அதன் மேல் ஒட்டியிருந்தார்கள். யாராவது சுவிட்சை அணைத்தால் உலகத்தின் முழு வெப்பும் நின்றுவிடும் நிலை. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்டில், வி.எஸ்.என்.எல். மூலம். போன் லைன் வழியாகக் கிறீச்சிட்டுக்கொண்டே இணைந்த அந்தக் காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

அவளுடைய லேப்டாப் இரவில் மூடப்படும், கல்லூரிக்குப் போகும், சார்ஜ் தீரும். அதில் மாமாவை உட்கார வைக்க முடியாது. எந்நேரமும் ஓடும் வேறொரு கம்ப்யூட்டருக்கு ப்ரோகிராமைக் குடி மாற்ற வேண்டும். இதைத்தான் டிப்ளாய் செய்வது என்கிறார்கள்.

கை என் மடியில்

உதவி செய்வதில் எனக்கு ஒரு விதி உண்டு. கீபோர்டு கற்றுக்கொள்கிறவர் கையில் இருக்க வேண்டும், என் கை என் மடியில் இருக்க வேண்டும். அடித்துக் கொடுத்தால் 20 நிமிடத்தில் முடியும் வேலைதான். ஆனால் அடுத்த முறை கெட்டுப் போகும்போது அவள் மறுபடி என் வீட்டு மணியைத்தான் அடிக்க வேண்டியிருக்கும்.

அவள் எழுதியிருந்தது பைதான் மொழியில், ஃப்ளாஸ்க் என்ற துணை நூலைக் கொண்டு. 2010 ஏப்ரல் முதல் தேதி ஆர்மின் ரோனாகர் என்ற ஆஸ்திரியர் செய்த ஒரு வேடிக்கையில் முளைத்து, பிறகு உலகமே பயன்படுத்தும் கருவியாகிவிட்டது ஃப்ளாஸ்க். முதல் முயற்சிக்கு, காசு வாங்காமல் ப்ரோகிராமை ஓட்டித் தரும் ஓர் இடத்தை அவளே தேர்ந்தெடுத்தாள். நானும் சரி என்றேன்.

ஏற்றியதும் திரை நிறையச் சிவப்பு எழுத்துகள். அவள் முகம் சுருங்கிவிட்டது. "கடைசி வரியை முதலில் படி" என்றேன். பைதானில் பிழைச் செய்தி எத்தனை நீளமாக இருந்தாலும், என்ன கோளாறு என்பது பெரும்பாலும் கடைசி வரியில்தான் இருக்கும். ஃப்ளாஸ்க் இல்லை என்றது அந்த வரி. அவள் லேப்டாப்பில் எப்போதோ நிறுவியிருந்தாள், புது இடத்தில் அது எப்படி இருக்கும்? குடி மாறிப் போகிறவர்கள் மளிகை லிஸ்ட் எழுதிக் கொடுப்பது போல, தேவையான துணை நூல்களையும் அவற்றின் பதிப்பு எண்களையும் ஒரு ஃபைலில் எழுதித் தர வேண்டும். எழுதினாள். அந்தப் பிழை போய் அடுத்தது வந்தது. அவளுடைய ப்ரோகிராம் இன்னும் 127.0.0.1 என்ற கதவிலேயே காத்திருந்தது, வெளியே இருந்து வருகிறவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. அதையும் அவளே கண்டுபிடித்துச் சரி செய்தாள்.

இரவு ஒன்பதரைக்கு என் போனில் பக்கம் திறந்தது. அவள் அம்மா கீழிருந்து கேசரி கொடுத்தனுப்பினார்.

நான் கேட்காத கேள்வி

அடுத்த மூன்று ஞாயிறும் திருவிழா போல இருந்தது. மாமா அலமாரியில் இருந்து புத்தகங்களை எடுத்துக் கொடுக்க, அவளும் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் மாறி மாறி அடித்தார்கள். தமிழ்ப் பெயர்களைத் தமிழிலேயே அடிக்க வேண்டும் என்பது மாமாவின் நிபந்தனை. ல, ள, ழ மூன்றையும் ஒவ்வொரு முறையும் அவரைக் கேட்டுக் கேட்டு அடித்தாள். மூன்றாம் ஞாயிறு மதியம் 400 புத்தகங்களைத் தாண்டிவிட்டார்கள்.

நான்காம் ஞாயிறு காலை திறந்தால், 'புத்தகங்கள்: 0'.

கெடுதல் செய்தவர் யாரும் இல்லை. இலவச இடங்கள் பலவற்றில், கொஞ்ச நேரம் யாரும் வராவிட்டால் ப்ரோகிராமைத் தூங்க வைத்துவிடுவார்கள். மறுபடி யாராவது வந்தால் முதலில் ஏற்றியபடியே புதிதாக எழுப்புவார்கள். நடுவில் அது தன் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டது எதுவும் மிஞ்சாது. அவள் பயன்படுத்திய டேட்டாபேஸ் எஸ்க்யூலைட். 2000ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் உருவாக்கிய அருமையான கருவி. எல்லாவற்றையும் ஒரே ஒரு ஃபைலில் வைத்துக்கொள்ளும். அந்த ஒரு ஃபைல்தான் போய்விட்டது. முதல் மூன்று வாரம் யாராவது அடிக்கடி தட்டிக்கொண்டே இருந்ததால் அது தப்பியிருக்கிறது. அந்த வாரம் அவளுக்குக் கல்லூரியில் தேர்வு, ஒருவரும் பக்கத்தைத் திறக்கவில்லை.

இந்த விஷயம் எனக்குத் தெரியும். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. ப்ரோகிராம் எங்கே ஓடுகிறது என்று பத்துக் கேள்வி கேட்டேன். "தகவல் எங்கே தங்குகிறது, இந்த இடம் நாளைக்கே அணைந்து போனால் என்ன மிஞ்சும்?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பிழை எதுவும் வராததால் எல்லாம் சரி என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அவள் அழவில்லை. லேப்டாப்பை மூடினாள். "நோட்டே போதும் அங்கிள், நான் சும்மா எல்லோரையும் கஷ்டப்படுத்திவிட்டேன்" என்றாள். உதவி செய்ய வந்த இரண்டு பிள்ளைகளின் முகத்தையும் அவள் பார்க்கவில்லை.

அப்போது மாமா பீரோவைத் திறந்து பச்சை நோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். மூன்று வாரமாக யார் யார் என்ன புத்தகம் எடுத்துப் போனார்கள் என்பது முழுவதும் அதில் இருந்தது. "நான் எழுதுவதை நிறுத்தவே இல்லை அம்மா. உன் மேல் சந்தேகம் இல்லை. 2005இல் எல்லாம் ஒரே இடத்தில் இருந்ததால்தானே மொத்தமாகப் போயிற்று? இரண்டு இடத்தில் இருக்கட்டும் என்றுதான்" என்றார்.

கம்ப்யூட்டர் பிரிவில் இத்தனை ஆண்டு இருந்த நான் சொல்லியிருக்க வேண்டிய பாடத்தை, கம்ப்யூட்டரையே தொடாத அவர் சொல்லிவிட்டார். தவறு என்னுடையதுதான் என்று அவளிடம் அங்கேயே சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவளே மணியை அடித்தாள்.

இரண்டாம் குடித்தனம்

இந்த முறை ஒரு சிறிய லினக்ஸ் சர்வரை வாடகைக்கு எடுத்தோம். மாதம் சில நூறு ரூபாய். "நோட்டு 60 ரூபாய்தானே, இதற்கு எதற்கு மாதா மாதம்?" என்று பொருளாளர் கேட்டார். வெள்ளத்தைப் பற்றி மாமா பேசியதும் கையெழுத்துப் போட்டார்.

வாடகைச் சர்வரில் வெளி முகப்பும் பூட்டும் காவலும் எல்லாம் நம் பொறுப்பு. தூரத்தில் இருக்கும் அந்த மெஷினுக்குள் நுழைய எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான வழி உண்டு. 1995இல் பின்லாந்தில் தாட்டு உலோனென் என்பவர், தம் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் திருடு போனதைப் பார்த்து உருவாக்கியது. பாஸ்வேர்டுக்குப் பதில் சாவி ஃபைல் வைத்தாள். தேவையற்ற கதவுகளையெல்லாம் அடைத்து மூன்றை மட்டும் விட்டாள்: நாங்கள் நுழைய 22, வாசகர்கள் வர 80, 443.

ஃப்ளாஸ்க்கோடு வரும் சிறிய சர்வர் எழுதிப் பார்க்க மட்டுமே. ஊருக்குத் திறக்க அதைப் பயன்படுத்தாதே என்று அதுவே எச்சரிக்கை காட்டும். வீட்டு ஸ்டவ்வில் கல்யாணச் சமையல் செய்ய முடியாது அல்லவா? அதனால் உள்ளே ஜியூனிகார்ன் என்ற சமையல்காரர், வாசலில் வருகிறவர்களை வரவேற்று உள்ளே அனுப்ப என்ஜின்எக்ஸ். இகோர் சிசோயேவ் என்ற ரஷ்யர் 2004இல் வெளியிட்டது அது. ப்ரோகிராம் விழுந்தால் தூக்கி நிறுத்தவும், மெஷின் அணைந்து மறுபடி ஓடும்போது தானாகத் தொடங்கவும் சிஸ்டம்டி என்ற மேஸ்திரி.

சங்கத்தின் பெயரில் ஒரு டொமைன் வாங்கி அதைச் சர்வரின் எண்ணோடு இணைத்தாள். உடனே திறக்கவில்லை. மறுபடி மறுபடி மாற்றப் போனவளைத் தடுத்தேன். பழைய விலாசத்தை ஊரில் பல கம்ப்யூட்டர்கள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். சரியாகச் செய்துவிட்டுக் காத்திருப்பதும் ஒரு வேலைதான். காலையில் திறந்துவிட்டது. பூட்டு அடையாளத்துக்கான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இலவசமாகவே தருகிறது. 90 நாளுக்கு மேல் அதற்கு ஆயுள் இல்லை என்பதால், தானாகவே புதுப்பித்துக்கொள்ள ஏற்பாடு செய்தாள்.

எல்லாம் முடிந்ததும், "இப்போது சர்வரை அணை" என்றேன். திடுக்கிட்டாள். "நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது விழட்டும். நாம் தூங்கும்போது விழுந்தால் தெரியாது." அணைத்து எழுப்பினாள். ஒரு நிமிடத்தில் பக்கம் தானாக வந்து நின்றது, உள்ளே இருந்த புத்தகங்களோடு.

தினமும் இரவில் டேட்டாபேஸின் ஒரு பிரதி வேறோர் இடத்துக்குப் போகிறது. மாதம் ஒரு முறை அந்தப் பிரதியை அவள் லேப்டாப்பில் திறந்து, புத்தகங்களை எண்ணிப் பார்க்கிறாள். திறந்து பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான்.

திறக்கும் முன்

சங்கத்துக்கு அறிவிப்பதற்கு முதல் நாள், என் போனில் லாகின் செய்யாமலே முகவரியின் கடைசியில் 'மெம்பர்ஸ்' என்று அடித்துப் பார்த்தேன். உறுப்பினர்கள் பெயர், போன் நம்பர், பிளாட் நம்பர் அத்தனையும் வந்து நின்றது. மெனுவில் இருந்து அந்தப் பக்கத்துக்கு வழி இல்லை, ஆனால் பக்கத்துக்குப் பூட்டும் இல்லை. தனியாக இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர் நம் சங்கத்தில்! போனில் ஏமாற்றிப் பணம் பறிப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தனிநபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புக்கென்று 2023இல் பார்லிமென்ட் சட்டமே இயற்றியிருக்கிறது. சட்டம் இருக்கட்டும், நம்மை நம்பித்தானே நம்பர் கொடுக்கிறார்கள்? அன்றே பூட்டினாள். தேவையில்லாத பிளாட் நம்பரை நீக்கியும்விட்டாள். சேர்த்து வைக்காத தகவல் திருடு போகாது.

மேலும் இரண்டு பூட்டுகள். டீபக் என்ற பரிசோதனை நிலை, பிழை வந்தால் ப்ரோகிராமின் உள்வரிகளையே வெளியே காட்டிவிடும். அதை அணைத்தாள். ரகசியச் சாவியை ப்ரோகிராமுக்குள்ளேயே எழுதி கிட்ஹப்பிலும் போட்டிருந்தாள். அழித்தால் போதும் என்று நினைத்தாள். கிட் பழைய வரலாறு முழுவதையும் வைத்திருக்கும், அழித்தாலும் தோண்டி எடுக்கலாம். பூட்டையே மாற்ற வேண்டும் என்றேன். புதுச் சாவி செய்து அதை ப்ரோகிராமுக்கு வெளியே வைத்தாள்.

திறந்த பிறகு நம்மவர்கள் கண்டுபிடித்தவை தனி. காலை பத்து மணிக்கு எடுத்த புத்தகத்துக்கு நேரே 4.30 என்று இருந்தது. சர்வர் கிரீன்விச் நேரத்தில் இருந்தது, நாம் ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். ஜெயகாந்தன், சுந்தர ராமசாமிக்கு அடுத்தும் ஞானக்கூத்தனுக்கு முன்னும் வந்தார். யூனிகோடில் 'ஜ' என்ற எழுத்துக்கு ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் இடம் கொடுத்திருக்கிறார்கள். கிரந்த எழுத்துகளைக் கடைசியில் வைத்தே பழகிய மாமா அதை உடனே பிடித்துவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, உறுப்பினர் படிவத்தில் 'சர்நேம்' கட்டாயம் என்று இருந்தது! ஸ்கூல் அட்மிஷனில் இருந்து நம்மை ஆட்டி வைத்த அந்தக் கேள்வியை நம் வீட்டுப் பெண்ணே கேட்டிருந்தாள். "எல்லா பாரத்திலும் இருக்கிறதே என்று போட்டேன்" என்றாள். இப்போது ஒரே ஒரு கட்டம்தான்: பெயர்.

பிள்ளைகளிடம் கேளுங்கள்

கம்ப்யூட்டர் தெரியாத பெற்றோரும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. உங்கள் மகனோ மகளோ "என் லேப்டாப்பில் ஓடுகிறது" என்று காட்டினால், பாராட்டிவிட்டுக் கேளுங்கள். லேப்டாப்பை மூடினாலும் ஓடுமா? தகவல் எங்கே தங்குகிறது, இரண்டாவது பிரதி எங்கே, அதைத் திறந்து பார்த்தாயா? மெஷினை அணைத்து எழுப்பிப் பார்த்தாயா? லாகின் செய்யாமல் எதெல்லாம் தெரியும்? கெட்டுப் போனால் யாருக்கு முதலில் தெரியும்? இவற்றில் எதற்கும் ப்ரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம். நானும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் மூன்று ஞாயிறு வீணாயிற்று.

இரண்டாவது முறை அந்த 400 புத்தகங்களையும் ஒன்றரை ஞாயிற்றில் அடித்துவிட்டாள். ழகரத்துக்கு மாமாவை அவ்வளவாகக் கேட்கவில்லை. பச்சை நோட்டும் நிற்கவில்லை, அது மாமாவின் இரண்டாவது பிரதி.

தீபாவளி விடுமுறையில் பிள்ளைகள் பழைய நோட்டுகளையும் ஒவ்வொன்றாக ஏற்றி முடித்தார்கள். திருப்பித் தராத புத்தகங்களின் பட்டியலை ஒரு பொத்தானில் கொண்டுவரும் வசதியை அவள் சேர்த்திருந்தாள். நிர்வாகக் குழு முன்னிலையில் முதல் முறையாக அதை அமுக்கினாள். 'பொன்னியின் செல்வன்', மூன்றாம் பாகம், 2011 மார்ச் மாதம் வெளியே போனது. எடுத்தவர் பெயருக்கு நேரே இருந்தது என் பெயர்.

வீட்டுக்குப் போய்ப் பரணில் தேடினேன். இருந்தது. அபராதம் எவ்வளவு என்று மாமா இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.